அளவெடுக்காத நாற்காலி

1980இல் ரால்ஃப் ஹாட்ச்கிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் நிகராகுவா நாட்டுக்குப் போனார். கல்லூரியில் படிக்கும்போது, 1966இல், மோட்டார் சைக்கிள் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, அதன்பின் சக்கர நாற்காலியில் வாழ்ந்துவந்தவர் அவர். அங்கே தம்மைப் போலவே தண்டுவடம் பாதிக்கப்பட்ட நான்கு இளைஞர்களைச் சந்தித்தார். நால்வருக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு சக்கர நாற்காலி. அதைப் பகிர்ந்துகொண்டார்கள்; உடைந்தபோதெல்லாம் கையில் கிடைத்ததைக் கொண்டு தாங்களே சரிசெய்து ஓட்டினார்கள்.

அந்தச் சந்திப்பு ஹாட்ச்கிஸின் வாழ்க்கைப் பணியைத் தீர்மானித்தது. ஏழை நாடுகளுக்கு நாற்காலிகளைக் கப்பலேற்றி அனுப்பும் வேலையை அவர் தொடங்கவில்லை. அந்தந்த நாட்டு வெல்டிங் பட்டறையில், அங்கே கிடைக்கும் இரும்புக் குழாயையும் சைக்கிள் சக்கரத்தையும் வைத்துச் செய்யக்கூடிய நாற்காலியை, அதில் உட்காரப்போகிறவர்களோடு சேர்ந்து வடிவமைக்கத் தொடங்கினார். பின்னர் 'வேர்ல்விண்ட்' என்ற பெயரில் பல நாடுகளில் பரவிய முயற்சி அது. மணலில் புதையாத, அகலமான ரப்பர் முன்சக்கரம் ஒன்று ஜிம்பாப்வேயில் உருவானது. 'ஜிம்பாப்வே சக்கரம்' என்ற பெயரிலேயே மற்ற நாடுகளின் பட்டறைகளுக்கும் போனது.

வளரும் நாடுகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்கள் கிடைக்கவில்லை என்றால், உடனே நாம் நினைப்பது பணத்தட்டுப்பாட்டை. பணம் கொடுத்தால் பொருள் வரும், பொருள் வந்தால் பிரச்சினை தீரும் என்று நம்புகிறோம். சக்கர நாற்காலியின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. உடலை அளந்து பார்க்கிறவர், ஓட்டக் கற்றுத்தருகிறவர், பழுதுபார்க்கிறவர் ஆகிய மூவரும் இல்லாத இடத்தில் நாற்காலி மட்டும் வந்தால், அது மூலையில் துருப்பிடிக்கும். சில வேளை உடலைக் கெடுக்கவும் செய்யும்.

நூற்றுக்கு மூவர்

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022 மே மாதம் உதவி உபகரணங்கள் பற்றிய முதல் உலக அறிக்கையை வெளியிட்டன. மூக்குக் கண்ணாடி, காதுக் கருவி, செயற்கைக் கால், சக்கர நாற்காலி, பேச உதவும் செயலி என ஏதாவது ஒன்று தேவைப்படுகிறவர்கள் உலகில் 250 கோடிப் பேர் என்றது அது. அவர்களில் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு வேண்டியது கிடைக்கவில்லை. செல்வ நாடுகள் சிலவற்றில் தேவைப்படுகிறவர்களில் 90 சதவீதத்தினருக்குக் கிடைக்கிறது. ஏழை நாடுகள் சிலவற்றில் 3 சதவீதத்தினருக்குத்தான் கிடைக்கிறது. உபகரணம் வைத்திருப்பவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சொந்தக் காசு கொடுத்து வாங்கியவர்கள்; உறவினர், நண்பர்களின் உதவியை நம்பியவர்களும் உண்டு.

சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர்கள் மக்கள்தொகையில் சுமார் 1 சதவீதம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2008இல் தந்த மதிப்பீடு. இந்தியாவுக்கு அதைப் பொருத்தினால் 1.4 கோடி வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் பதிவான மாற்றுத்திறனாளிகளே 2.68 கோடி, அவர்களில் நடமாட்டக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 54 லட்சம். 1.4 கோடிக்கும் 54 லட்சத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியில், எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் வீட்டுக்குள் படுத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரி நாற்காலியும் மண் தெருவும்

நம் ஊரில் சக்கர நாற்காலி என்றதும் கண்முன் வருவது, குறுக்குச் சட்டம் போட்டு மடக்கக்கூடிய, ரெக்சின் இருக்கை கொண்ட நாற்காலி. ஆஸ்பத்திரி வாசலிலும் ரயில் நிலையத்திலும் நிற்பது அதுதான். அந்த மடக்கு வடிவம் 1930களில் அமெரிக்காவில் பிறந்தது. சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற பொறியாளரும் அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். காருக்குள் மடக்கி வைத்து எங்கும் எடுத்துச் செல்லலாம் என்பது அதன் பெருமை. அதுவும் பயன்படுத்துகிறவரே தம் தேவையிலிருந்து கண்டுபிடித்த நாற்காலிதான்.

ஆனால் எவரெஸ்ட் வாழ்ந்த இடம் வேறு. அந்த வடிவத்தை மலிவாக நகலெடுத்து, ஒரே அளவில் வார்த்து, களிமண் தெருவுக்கும் ஓட்டு வீட்டுக்கும் அனுப்பும்போது எல்லாம் மாறிவிடுகிறது. ஆஸ்பத்திரி நாற்காலி என்பது நோயாளியை இன்னொருவர் வழுவழுப்பான தரையில் சிறிது நேரம் தள்ளிக்கொண்டு போவதற்கானது. ஒருவர் தாமே உந்திக்கொண்டு நாள் முழுக்க, ஆண்டு முழுக்க வாழ்வதற்கானதன்று. அதன் சின்ன முன்சக்கரம் மணலில் புதைகிறது. நிலைப்படியில் முட்டி நிற்கிறது. பின்சக்கரம் மிகவும் பின்தள்ளி இருப்பதால் ஒவ்வொரு உந்தலுக்கும் தோள் கூடுதலாக உழைக்கிறது.

உடலுக்குள் நடப்பது இதைவிடக் கடுமையானது. நமக்கு ஒரே நிலையில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். தெரியாமலே நகர்ந்து உட்காருவோம். தண்டுவடம் அடிபட்டவருடைய உடல் அந்த எச்சரிக்கையைத் தருவதில்லை. உட்காரும் எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று தோல் சாகிறது. அதுதான் படுக்கைப்புண். முதலில் ஒரு சிவந்த தடிப்பு. கவனிக்காவிட்டால் எலும்புவரை போகும் குழி. கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. இருக்கையின் மேல் போடும் தகுந்த மெத்தையும், சிறிது நேரத்துக்கொரு முறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கும் பழக்கமுமே இதைத் தடுப்பவை. மெத்தை இல்லாமல் வெறும் ரெக்சினோடு கொடுக்கப்படும் நாற்காலி பாதி நாற்காலிதான்.

அளவும் இப்படித்தான். இருக்கை அகலமாக இருந்தால் உடல் ஒரு பக்கம் சாய்ந்து, நாளடைவில் முதுகெலும்பு வளைகிறது. கால் வைக்கும் பலகை உயரமாக இருந்தால் முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு, மொத்த எடையும் உட்காரும் எலும்பில் இறங்குகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் நாற்காலியைக் கொடுத்தால் அவன் அதில் உட்காருவதில்லை, சரிந்து கிடக்கிறான். செருப்பைக்கூடக் காலில் போட்டுப் பார்த்து வாங்கும் நாம், ஒருவர் தம் பகல் முழுவதையும் கழிக்கப்போகும் இருக்கையை அளவெடுக்காமல் கொடுத்துவிடுகிறோம்.

தானம் பெற்றவர்கள் என்ன ஆனார்கள்?

நாற்காலி வழங்கும் விழாக்கள் ஏராளம். வழங்கிய பிறகு திரும்பிப் போய்க் கேட்ட ஆய்வுகள் குறைவு. அப்படிக் கேட்ட ஆய்வு ஒன்று மேற்கு வங்கத்திலிருந்து வந்தது. தானமாகச் சக்கர நாற்காலி பெற்றவர்களைப் பின்தொடர்ந்த முகர்ஜி, சமந்தா ஆகிய இரு ஆய்வாளர்கள் 2005இல் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். பெற்றவர்களில் பெரும்பாலோர் அந்த நாற்காலியைத் தொடர்ந்து பயன்படுத்தவில்லை. வலி, சோர்வு, உட்கார முடியாத அசௌகரியம் ஆகியவையும், வீட்டுக்கும் சுற்றுப்புறத்துக்கும் நாற்காலி ஒத்துவராததும் காரணங்கள். சக்கர நாற்காலி தானத்தைப் பயனற்ற கருணை என்றே அந்தக் கட்டுரையின் தலைப்பு குறிப்பிட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். டான் ஷோன்டோர்ஃபர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 2001இல் ஒரு தொண்டு அமைப்பைத் தொடங்கினார். தோட்டத்தில் போடும் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியை இரும்புச் சட்டத்தில் பொருத்தி, இரண்டு சைக்கிள் சக்கரங்களை மாட்டினார். மிக மலிவு. இன்றுவரை அந்த அமைப்பு வழங்கியிருக்கும் நாற்காலிகள் 10 லட்சத்துக்கும் மேல். மண்ணில் தவழ்ந்துகொண்டிருந்தவருக்குத் தரையிலிருந்து எழுந்து உட்காருவதே பெரிய மாற்றம். கோடிக்கணக்கானோர் காத்திருக்கும்போது, ஒவ்வொருவரையும் அளந்துதான் கொடுப்பேன் என்பது மற்றவர்களைக் காக்கவைப்பதாகாதா என்ற கேள்வி நியாயமானது.

அந்தக் கேள்விக்கு அந்த அமைப்பின் அனுபவமே பதில் தந்தது. ஒரே அளவு எல்லாருக்கும் பொருந்தவில்லை என்பது தெரிந்தபின், அளவை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள புதிய வடிவங்களுக்கு அவர்கள் மாறினார்கள். எண்ணிக்கையில் தொடங்கியவர்களும் கடைசியில் அளவுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

எட்டுப் படிகள்

2008இல் உலக சுகாதார நிறுவனம் வசதி குறைந்த நாடுகளுக்கான சக்கர நாற்காலி வழிகாட்டி நூலை வெளியிட்டது. தகுந்த நாற்காலி எது என்பதற்கு அது தந்த விளக்கம் எளிமையானது: பயன்படுத்துகிறவர் உடலுக்குப் பொருந்த வேண்டும், அவர் வாழும் இடத்தில் ஓட வேண்டும், பாதுகாப்பாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும், அந்த நாட்டிலேயே கிடைக்க வேண்டும், அங்கேயே பழுதுபார்க்க முடிய வேண்டும், கட்டுப்படியாகும் விலையில் இருக்க வேண்டும். இதற்கு எட்டுப் படிகளை அது வகுத்தது. ஆளைக் கண்டறிந்து வரவழைத்தல், உடலையும் வாழ்க்கையையும் கேட்டறிதல், எந்த நாற்காலி என்று முடிவுசெய்தல், பணத்துக்கு ஏற்பாடு செய்து தருவித்தல், நாற்காலியைத் தயார்செய்தல், உட்காரவைத்துப் பொருத்திப் பார்த்தல், ஓட்டவும் உடலைப் பேணவும் கற்றுத்தருதல், பராமரிப்பும் மறுபார்வையும்.

இந்த எட்டில், நாற்காலி என்ற பொருள் கைக்கு வருவது நடுவில்தான். அதற்கு முன்னும் பின்னும் நடப்பதெல்லாம் மனிதர் மனிதருக்குச் செய்யும் வேலை. அந்த மனிதர்களைத்தான் நம் திட்டங்கள் கணக்கில் எடுப்பதில்லை.

உறுதி என்பதையும் கொஞ்சம் விளக்க வேண்டும். பன்னாட்டுத் தர அமைப்பின் சோதனையில் ஒரு நாற்காலி மேடு வைத்த உருளைகளின் மேல் 2 லட்சம் சுற்றுகள் ஓட வேண்டும், 5 செ.மீ. உயரத்திலிருந்து 6,666 முறை விழுந்து எழ வேண்டும். கடினமான சோதனைதான். ஆனால் மழையும் சேறும் கடற்கரை உப்புக்காற்றும் புழுதி புகுந்த பேரிங்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் இல்லை. அங்கே தேறிய நாற்காலியும் இங்கே ஓராண்டில் தளர்ந்துவிடலாம். அப்போது கேள்வி ஒன்றுதான்: இந்தச் சக்கரத்துக்கு டியூபும் பேரிங்கும் நம் ஊர் சைக்கிள் கடையில் கிடைக்குமா? ஹாட்ச்கிஸ் நாற்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

வாழ்ந்தவர்கள் கட்டிய நிலையங்கள்

வழிகாட்டி நூல் வருவதற்கு வெகுகாலம் முன்பே, இதை நம் பக்கத்திலேயே சிலர் செய்து காட்டினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையைத் தலைமையேற்று நடத்தினார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கிப் பழகும் இடம் அது. அங்கிருந்து வீடு திரும்பியவர்கள் ஆண்டுதோறும் கூடும் 'ரீஹாப் மேளா' இன்றும் நடக்கிறது. உடல்நிலை எப்படி, நாற்காலி எப்படி, பிழைப்பு எப்படி என்று அங்கே விசாரிக்கிறார்கள். எட்டாவது படி என்று நூல் சொல்வதை வேலூர் ஒரு திருவிழாவாகவே வைத்திருக்கிறது.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். வங்கதேசத்தில் 1979இல் தொடங்கப்பட்ட முடக்குவாதமுற்றோர் மறுவாழ்வு மையம் ஒன்று இப்போது சவார் நகரில் இயங்குகிறது. அதன் பட்டறையிலேயே நாற்காலி செய்கிறார்கள். 1991இல் அந்தப் பட்டறையை அமைக்கத் துணைபுரிந்தவர்களில் ஒருவரான டேவிட் கான்ஸ்டன்டைன், நீரில் பாய்ந்தபோது கழுத்து முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்த ஆங்கில வடிவமைப்பாளர்.

எவரெஸ்ட், ஹாட்ச்கிஸ், மேரி வர்கீஸ், ராமகிருஷ்ணன், கான்ஸ்டன்டைன் என்று இந்தத் துறையில் நிலைத்து நின்ற வேலைகளைச் செய்தவர்களில் பலர் அந்த இருக்கையில் வாழ்ந்தவர்கள். எங்கே அழுத்துகிறது, எங்கே புதைகிறது என்பதை அவர்கள் எவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நம் அரசுக் கோப்புகளோ நாற்காலியில் வாழ்கிறவர்களைப் 'பயனாளி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. பயன்படுத்துகிறவர் என்றும் பொருள்படக்கூடிய அச்சொல், கோப்பில் ஏறியதும் பெற்றுக்கொள்கிறவர் என்று சுருங்கிவிடுகிறது. பெற்றுக்கொள்கிறவரிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் நமக்கு இல்லை.

முகாமும் பதிவேடும்

இந்திய அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. உபகரணங்கள் செய்வதற்கென்றே 1972இல் கான்பூரில் அலிம்கோ நிறுவனம் அமைக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகள் ஆண்டாக அறிவித்த 1981இல், உபகரணங்களை இலவசமாகவோ சலுகை விலையிலோ வழங்கும் 'அடிப்' திட்டம் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. கட்டுப்படியாகும் விலையில் நடமாட்ட உதவி கிடைக்கச் செய்வதை அதன் 20ஆம் பிரிவு அரசின் கடமையாக வைக்கிறது. 2016இல் புதிய உரிமைச் சட்டமும் வந்தது. அதே அரசுதான் 2017இல் ஜி.எஸ்.டி வந்தபோது சக்கர நாற்காலிக்கு 5 சதவீதம் வரி விதித்தது. நடப்பதற்கு வரி கட்டச் சொல்கிறார்களா என்று மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் கேட்டதில் நியாயம் இருந்தது.

வழங்கும் முறை பெரும்பாலும் முகாம். 2020 பிப்ரவரியில் பிரயாக்ராஜில் நடந்த ஒரே முகாமில் 26,000க்கும் மேற்பட்டோருக்கு 56,000க்கும் மேற்பட்ட உபகரணங்கள் வழங்கப்பட்டன. முகாம்களுக்கு முன்பே ஆட்களைக் கண்டறிந்து மதிப்பிடுகிறார்கள் என்பதும் உண்மை. தொலைவிலுள்ள கிராமத்தாருக்கு முகாமை விட்டால் வேறு வாய்ப்பும் இல்லை. ஆனால் முகாம் ஒருநாள் நிகழ்ச்சி. நாற்காலி ஐந்தாண்டு உறவு. பந்தல் பிரித்த மறுநாள் முன்சக்கரம் கழன்றால் யாரிடம் போவது? ஒருமுறை உபகரணம் பெற்றவர் அதே தேவைக்கு மீண்டும் உதவி பெற மூன்றாண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதி, மூன்றாண்டு உழைக்கும் நாற்காலியைக் கொடுத்தால்தான் பொருந்தும்.

நம்பிக்கை தரும் மாற்றங்களும் நடக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான மையம், உட்கார்ந்தவரை நிற்கவைக்கும் 'அரைஸ்' நாற்காலியை 2019இல் கொண்டுவந்தது. அதன்பின் வந்த 'நியோஃப்ளை' ஒவ்வொருவர் உடலுக்கும் ஏற்ப அளவு தேர்ந்து செய்யப்படுவது. 'நியோபோல்ட்' என்ற மோட்டார் இணைப்பை மாட்டினால் அதே நாற்காலி சாலையில் வண்டியாக ஓடும். நம் ஊர்களில் காலங்காலமாகக் கொடுத்துவந்த மூன்று சக்கர சைக்கிள் தெருவில் ஓடும், வீட்டுக்குள் நுழையாது. ஆஸ்பத்திரி நாற்காலி வீட்டுக்குள் நகரும், தெருவில் ஓடாது. இரண்டையும் இணைக்க வேண்டும் என்ற யோசனை பயன்படுத்துகிறவர்களோடு பேசியதால் வந்தது. தமிழ்நாட்டில் உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தின்கீழ் 'விழுதுகள்' சேவை மையங்கள் திறக்கப்படுகின்றன. சிகிச்சையும் பயிற்சியும் உபகரண உதவியும் ஊருக்கு அருகிலேயே ஓரிடத்தில் கிடைக்க வேண்டும் என்ற அந்த எண்ணம் சரியான திசை.

செய்யக்கூடியவை

இவற்றைக் கொண்டு சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, டெண்டரில் மிகக் குறைந்த விலை என்ற ஒரே அளவுகோலைக் கைவிட வேண்டும். மெத்தையும், சில அளவுகளில் தேர்வும், இரண்டாண்டுப் பழுதுபார்ப்பும் சேர்ந்ததே நாற்காலியின் விலை. மலிவு நாற்காலியால் மிச்சமாகும் பணம் படுக்கைப்புண் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் செலவாகிறது. கூடவே ஒரு குடும்பத்தின் கூலியும் போகிறது.

இரண்டாவது, ஒவ்வொரு வட்டாரத்திலும் சைக்கிள் கடைக்காரர், வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவருக்காவது பயிற்சி தந்து, பழுதுக்கான கூலியை அரசே கொடுக்கலாம். பஞ்சர் ஒட்டவும் பேரிங் மாற்றவும் தெரிந்த கைகள் நம் ஊர்களில் நிறையவே உண்டு. மூன்றாவது, ஓட்டவும் உடலைப் பேணவும் கற்றுத்தரும் வேலையைப் பல ஆண்டுகளாக நாற்காலியில் வாழ்கிறவர்களுக்கே சம்பளத்தோடு கொடுக்க வேண்டும். புதிதாக விபத்துக்குள்ளாகி, வாழ்க்கையே முடிந்தது என்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒருவரிடம், அதே இருக்கையிலிருந்து இன்னொருவர் பேசுவதற்கு ஈடான பாடம் இல்லை. நான்காவது, பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருக்கும் வீட்டில், உதவிக்கு ஆள் தேட முடியாத பெண்ணுக்கு நாற்காலியின் அகலமும் கதவின் அகலமும் மானப் பிரச்சினை.

ஐந்தாவதற்குச் செலவு மிகக் குறைவு; பலன் மிகப் பெரிது. மாவட்டந்தோறும் நலத்துறையின் பதிவேட்டில் எத்தனை நாற்காலி வழங்கப்பட்டது என்று எழுதுகிறார்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியைச் சேர்க்க வேண்டும்: ஓராண்டு கழித்து அவற்றில் எத்தனை ஓடுகின்றன? அந்தப் பத்தி நிரப்பப்படும் நாளில்தான் நாம் கொடுத்தது உதவியா, வெறும் இரும்பா என்பது தெரியவரும்.